வடக்கே கார் ஓட்டிப் போகும் குடும்பங்களுக்கு

தீபாவளிக்குப் பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போகும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு,



ஈப்போவில் பெரியம்மா, கிள்ளானில் சித்தப்பா, சுங்கை பட்டாணியில் மாமியார் வீடு என்று ஐப்பசி வந்தால் உங்களில் பலருடைய கார் வடக்கே திரும்பிவிடும். 1965-இல் நாடு இரண்டானபோது கடவுச்சீட்டுதான் இரண்டாயிற்று. கல்யாணமும் கருமாதியும் இன்றும் பாலத்தின் இரண்டு பக்கமும் நடக்கின்றன. நான் காக்கி புக்கிட் பக்கம் கார் பட்டறை நடத்துகிறவன். பண்டிகைக்கு முன் உங்கள் கார்கள் எப்படிப் புறப்படுகின்றன என்பதையும், பண்டிகை முடிந்து சில கார்கள் எப்படி இழுவை வண்டியில் வந்து இறங்குகின்றன என்பதையும் பார்க்கிற இடத்தில் இருக்கிறேன். அப்படி வந்து இறங்கும் கார்களில் பெரும்பாலானவற்றை இங்கேயே, புறப்படும் முன்பே, சிறிய வேலையோடு சரிசெய்து முடித்திருக்கலாம். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

“என் கார் நல்லாத்தான் ஓடுது, போன மாசம்தான் சர்வீஸ் செஞ்சேன்” என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது சிங்கப்பூரில் நன்றாக ஓடுகிறது. இங்கே தெம்பனிசிலிருந்து ஜூரோங் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். விரைவுச்சாலையில் உச்ச வேகம் 90. சாலை முழுக்க விளக்கு. விரைவுச்சாலையில் வண்டி நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வண்டி வந்து பக்கத்துக் கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப் போகிறது. தீபாவளிக்கு அதே காரிடம் நாம் கேட்கும் உழைப்பு முற்றிலும் வேறு. பாலத்தில் மணிக்கணக்கில், ஏசி ஓட, அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். அக்கரை ஏறியதும் 110 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மணி நேரம் ஓட வேண்டும். உள்ளே இருப்பது வழக்கமான இரண்டு பேர் அல்ல, ஐந்து அல்லது ஏழு பேர். பின்னால் பெட்டிகள், முறுக்கு டின்கள், தாத்தாவின் சக்கர நாற்காலி. பாதி தூரம் இருட்டு, பாதி தூரம் மழை. இந்த உழைப்புக்குத்தான் காரைத் தயார் செய்ய வேண்டும்.

டயரிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். வார இறுதியில் மட்டும் எடுக்கப்படும் கார்களில் டயரின் பள்ளம் புதிது போலவே இருக்கும். சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டரைத் தாண்டி எவ்வளவோ மிச்சம் இருக்கும். இதை ஏன் மாற்ற வேண்டும் என்று உரிமையாளர் கேட்பார். குனிந்து டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ரப்பர் ஓடினால் தேயும், நின்றால் இறுகும். வெயில் படும் மேல்தளத்தில் நின்றால் இன்னும் சீக்கிரம் இறுகும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றாது. பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்பு ஓடத் தொடங்கியிருந்தால், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரின் காலம் முடிந்துவிட்டது. ஆறு வயது தாண்டிய டயரோடு யாரையும் நான் வடக்கே அனுப்ப மாட்டேன். இது சட்டம் அல்ல, என் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கிலிருந்து இறங்கிவர மாட்டேன்.

அடுத்தது காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய அட்டவணை ஒட்டியிருக்கும். பெரும்பாலான கார்களில் இரண்டு அளவு தந்திருப்பார்கள், ஒன்று இரண்டு மூன்று பேர் ஏறினால், மற்றது வண்டி நிறைந்தால். இரண்டாவது அளவை நம்மில் யாரும் பார்ப்பதே இல்லை. தீபாவளிக்கு வேண்டியது அதுதான். வெயிலில் வெடித்துவிடும் என்று பயந்து காற்றைக் குறைத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. சூடு பிறப்பது அந்த மடங்கலில்தான். சுமை ஏற, வேகம் ஏற, சூடும் ஏறுகிறது. வெடிப்பது காற்று குறைந்த டயர்தான். புறப்படும் நாள் காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், அளந்து நிரப்புங்கள்.

உபரி டயர் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே காரின் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல புதிய கார்களில் அது கிடையாது. அதற்குப் பதில் ஒரு பசைப் புட்டியும் சின்னக் காற்றடிப்பானும் தந்திருப்பார்கள். ஆணி ஏறிய ஓட்டையை அந்தப் பசை அடைக்கும்; பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. புட்டியில் காலாவதித் தேதியும் உண்டு. உபரி டயர் இருக்கிறதென்றால் அதிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அலாய் சக்கரத்துக்குத் திருட்டுப் பூட்டு நட்டு போட்டிருந்தால் அதைக் கழற்றும் சாவி காரில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஜாக்கியும் உபரி டயரும் இருந்து பயனில்லை. எத்தனையோ பேர் அது வீட்டு அலமாரியில் கிடக்கிறது என்பதை நெடுஞ்சாலை ஓரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஜாக்கிக்கும் டயருக்கும் மேலே பெட்டிகளை அடுக்கும்போது, நடு இரவு மழையில் இவை அனைத்தையும் சாலையோரத்தில் இறக்க வேண்டியிருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு அடுக்குங்கள்.

இனி பாலம். பண்டிகை நாட்களில் 3 மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம் என்று குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. ஓடும் காரை எதிர்க்காற்று குளிர்விக்கும். நின்று நகரும் காரைக் குளிர்விக்க ரேடியேட்டர் விசிறியைத் தவிர வேறு கதி இல்லை. தினமும் விரைவுச்சாலையில் ஓடும் காரில் பலவீனமான விசிறியும் கசியத் தொடங்கிய குழாயும் வெளியே தெரியாது. உட்லண்ட்ஸ் வரிசையில் இரண்டாவது மணி நேரத்தில் தெரியும். ஆகவே குளிர்நீர்மத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், காரை அரைமணி நேரம் நிறுத்தியபடியே ஏசியோடு ஓடவிட்டு வெப்பமுள் ஏறுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்துவிட்டு, முடிந்தவரை சீக்கிரம் ஓரம் கட்டி இயந்திரத்தை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்கக் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். பேட்டரி நம் வெப்பத்தில் இரண்டு மூன்று ஆண்டுதான் தாங்கும். மூன்றாவது ஆண்டில் இருக்கிறதென்றால் சோதித்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. சில மாடல்களில் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கம்பி வலை வழியாக உள்ளே போகிறது. அதன்மேல் தலையணையும் போர்வையும் போட்டு அடைத்துவிடுகிறார்கள். பேட்டரி சூடாகி எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் காரணம் புரிவதில்லை. உங்கள் காரில் அந்த வலை எங்கே இருக்கிறது என்று பார்த்து, பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள்.

பின் இருக்கை பற்றிப் பேச வேண்டும். பட்டறைக்கு வரும் கார்களில் பின் இருக்கையின் நடுப் பெல்ட் எங்கே என்று தேடினால், பல கார்களில் கொக்கி இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. மலேசியாவில் பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது 2009 ஜனவரி 1 முதல் சட்டம். குழந்தை இருக்கை 2020 முதல் கட்டாயம். சட்டத்தை விடுங்கள். நீண்ட பயணத்தில் பிள்ளைகள் தூங்கிச் சரிவார்கள், பாட்டி சேலை கசங்குகிறது என்பார், அம்மா கைக்குழந்தையை மடியில் எடுத்துக்கொள்வார். நாமும் பண்டிகை நாளில் கண்டிக்க மனம் வராமல் விட்டுவிடுகிறோம். 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் எதிலாவது மோதினால், மடியில் இருக்கும் குழந்தையை எந்தத் தாயின் கையாலும் பிடித்துவைக்க முடியாது. பெல்ட் போடாத பெரியவர் முன் இருக்கையில் இருப்பவர்மேலேயே போய் விழுவார். அந்தக் கொக்கிகளை உறைக்கு அடியிலிருந்து வெளியே எடுங்கள். இரவல் வாங்கிய குழந்தை இருக்கையானால் புறப்படும் அன்று பரபரப்பில் மாட்டாமல், முதல் நாளே மாட்டி, அடியில் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினால் அது சரியாக மாட்டப்படவில்லை. பாட்டிக்கு உறுத்துகிறதென்றால் தோளில் ஒரு மெல்லிய துண்டை வையுங்கள். அவரையும் விட்டுவிடாதீர்கள்.

தாள் வேலைகளைப் பட்டறைக்காரன் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் கண்ணாடி மாற்ற வருபவர்களைப் பார்க்கும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. விஇபி எனப்படும் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. இல்லாத காருக்கு 300 ரிங்கிட் அபராதம். பதிவுக்கு விண்ணப்பித்து, உறுதிப்படுத்தல் வந்து, வில்லையைப் பெற்று ஒட்டி, அதை இயக்கி முடிக்க நாள் பிடிக்கும், பண்டிகை நெருங்க நெருங்க இன்னும் பிடிக்கும். அந்த வில்லை ஒரு காருக்கு மட்டும்தான். பெயர்த்து எடுத்தால் கெட்டுவிடும். முன்கண்ணாடி உடைந்து புதியது போட்டவர்கள் பழைய கண்ணாடியோடு வில்லையும் போய்விட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். வில்லைக்கு ஐந்து ஆண்டு ஆயுள். 2019, 2020 வாக்கில் முந்திக்கொண்டு ஒட்டியவர்கள் அது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் காரையோ நண்பர் காரையோ வாங்கிப் போகிறவர்கள் அந்தக் காருக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு. அது போக டோல். டச் அண்ட் கோ அட்டையில் தாராளமாகப் பணம் போட்டுவையுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறும்போது தட்டிய அதே அட்டையைத்தான் இறங்கும்போதும் தட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கு வேறெதுவும் தேவையில்லை, நம்முடையதே அங்கே செல்லும். குழந்தையின் கடவுச்சீட்டுக்கு ஆறு மாதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தைப் படித்தவர்கள் குறைவு. பொதுவாகச் சிங்கப்பூர்க் கார் காப்புறுதி மேற்கு மலேசியாவுக்கும், தாய்லாந்து எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரைக்கும் செல்லும். ஆனால் அக்கரையில் கார் திருடுபோனால் என்ன, நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, பழுதான காரை இங்கே இழுத்துவர உதவி உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். போன் செய்து கேளுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: ஊரில் மச்சான் “கடை வரைக்கும் போய்ட்டு வர்றேன்” என்று சாவி கேட்பார். அவர் ஓட்டினால் காப்புறுதி செல்லுமா? இதற்குப் பதில் தெரியாமல் சாவியைக் கொடுக்க வேண்டாம். உறவுக்குள் இதைவிடச் சங்கடமான தகராறு இல்லை.

பெட்ரோல் விஷயம் அனைவருக்கும் தெரியும், இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது திருப்பி அனுப்பப்படுகிறார்கள். சிங்கப்பூர்க் கார் நாட்டை விட்டு வெளியேறும்போது தொட்டியில் குறைந்தது முக்கால் பங்கு இருக்க வேண்டும். 1989-இல் அரைத் தொட்டி என்று தொடங்கிய விதி 1991-இல் முக்கால் ஆனது. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். முக்காலைக் கணக்குப் பார்த்து நிரப்பினால் வரிசையில் நிற்கும்போதே முள் கீழே இறங்கிவிடும், முழுதாகவே நிரப்புங்கள். அக்கரையில் எண்ணெய் ஊற்றும்போது ரோன் 97 மட்டும். மஞ்சள் கைப்பிடி ரோன் 95 மலேசிய மக்களின் வரிப்பணத்தில் மானியம் பெறுவது. வெளிநாட்டுக் கார்களுக்கு அதை விற்க 2010-லிருந்தே தடை. நம் அத்தையும் மாமாவும் கட்டிய வரி அது. நாலு காசு மிச்சம் பிடிக்க நினைத்துச் சிங்கப்பூர்க்காரர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தர வேண்டாம். மின்சாரக் கார்களுக்கு முக்கால் தொட்டி விதி கிடையாது. செருகியும் இரண்டு நாட்டிலும் ஒரே வகைதான். ஆனால் மின்னூட்ட நிலையத்தின் செயலியை இங்கேயே இறக்கி, பணம் கட்டும் வழியைப் பதிவு செய்துவிடுங்கள். பண்டிகை நாளில் அங்கும் வரிசை நிற்கும், அதனால் கடைசிச் சதவீதம் வரை இழுக்காமல் முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளுங்கள்.

விளக்கு. நம் ஊரில் இரவும் பகல் போல இருப்பதால் முன்விளக்கு ஒன்று எரியாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சந்திப்புகளைத் தாண்டினால் நீண்ட தூரம் கும்மிருட்டு. உங்கள் விளக்கு காட்டும் தூரம்தான் உங்கள் பார்வை. மஞ்சள் படிந்த விளக்குக் கண்ணாடியை மெருகேற்றினாலே பாதி வெளிச்சம் திரும்பி வரும். ஐப்பசியில் மாலை மழை கொட்டும்போது பழைய வைப்பர் பட்டை தண்ணீரைத் துடைக்காது, பூசிவிடும். அதை மாற்றும் செலவு, நீங்கள் எடுத்துப்போகும் பலகாரத்தில் ஒரு டப்பாவின் விலை.

ஊருக்குப் போன கையோடு கெந்திங் மலைக்கோ கேமரன் மலைக்கோ ஏறுவோம் என்று சிலர் திட்டம் வைத்திருப்பீர்கள். நமக்குப் பழக்கமான உயரம் புக்கிட் தீமாவின் 163 மீட்டர். கெந்திங் ஏறக்குறைய 1,800 மீட்டர். ஏறுவது காரின் வேலை. இறங்குவதில்தான் ஓட்டுநருக்கு வேலை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகி, பிரேக் எண்ணெயில் ஈரம் ஏறியிருந்தால் கொதித்து, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெயை மாற்றச் சொல்வது அதனால்தான். இறங்கும்போது கியரைக் குறைத்து, ஆட்டோ காரானால் எல், எஸ், பி என்று உங்கள் காரில் எந்த எழுத்து இருக்கிறதோ அதில் போட்டு, இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குங்கள். அந்த எழுத்து எதற்கு என்று வாங்கிய நாளிலிருந்து கேட்காதவர்கள் இப்போது கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டோம்.

ஓட்டுகிறவரும் தயாராக வேண்டும். வேலை முடித்து வந்து, இரவு பத்து மணிக்குப் பெட்டி ஏற்றி, வரிசையில் நின்று, விடியற்காலை மூன்று மணிக்கு நெடுஞ்சாலையில் ஓட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. நெரிசலைத் தவிர்க்கிறோம் என்று தூக்கத்தை விலையாகக் கொடுக்கிறீர்கள். மச்சாப், பாகோ, ஆயர் குரோ என்று ஓய்விடங்கள் வழி நெடுக இருக்கின்றன. கண் எரிந்தால் அடுத்ததில் நிறுத்தித் தூங்குங்கள். பெரியம்மா வீட்டுத் தோசை ஒரு மணி நேரம் காத்திருக்கும்.

வண்டி நின்றுவிட்டால் அவசரத் தடத்தில் முடிந்தவரை இடப்பக்கம் ஒதுக்கி, அபாய விளக்கைப் போட்டு, அனைவரையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள். காருக்குள் உட்காரவைக்காதீர்கள். மோட்டார்சைக்கிள்கள் அந்தத் தடத்தில்தான் வருகின்றன, சில சமயம் லாரியும். நெடுஞ்சாலை ரோந்துக் குழுவின் எண்ணையும் காப்புறுதி நிறுவனத்தின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி முன் பெட்டியில் வையுங்கள். ஓட்டுபவருடைய கைபேசிக்கு மட்டும் அவை தெரிந்திருந்தால் போதாது. அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்குக் காரைக் கொடுத்துவிட வேண்டாம். விபத்தென்றால் காவல்துறைக்கு 24 மணி நேரத்துக்குள் புகார், 999 அங்கே அவசர எண். இங்குள்ள காப்புறுதி நிறுவனத்துக்கும் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள். படங்கள் எடுத்துவையுங்கள்.

திரும்பி வரும் நாளில் அனைவருக்கும் களைப்பு. அன்றும் டயர் காற்றைப் பாருங்கள். கூடவே காரின் உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தைத் துழாவிப் பாருங்கள். இருக்கை இடுக்கில், பையின் அடியில், யாரோ மாமா கொடுத்த பட்டாசு ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும். இங்கே பட்டாசுக்கு 1972-லிருந்து தடை. விளையாட்டுக்கு வைத்தேன் என்று பிள்ளை சொன்னாலும் சோதனைச்சாவடியில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரம் எங்கள் பட்டறைகள் எதிலும் இடம் இருக்காது. அந்த வாரம் வந்தால் டயரைத் தட்டிப் பார்த்து அனுப்பத்தான் முடியும். உங்கள் அளவு டயர் கடையில் இருக்குமா என்பதும் நிச்சயம் இல்லை. மூன்று வாரம் முன்பே, வழக்கமாக எந்தப் பட்டறைக்குப் போவீர்களோ அங்கே போங்கள். வெறும் சர்வீஸ் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், இன்ன ஊருக்குப் போகிறோம், இத்தனை பேர், பின்னால் குழந்தை இருக்கிறது, மலை ஏறப்போகிறோம் என்று சொல்லிக் கொடுங்கள். அதைக் கேட்டுவிட்டால் காரைத் தூக்கிப் பார்க்கிற பையன் எங்கெங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வான்.

அன்புடன்,
காக்கி புக்கிட் பட்டறைக்காரன்